இடமிருந்து வலம்: மாவட்டப் பக்கத்துப் படங்கள் பற்றி ஒரு குறிப்பு

சில வருஷங்களுக்கு முன்னால் இதே வலைப்பூவில் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பொன்னாடை போர்த்துகிற படம், தையல் மிஷின் கொடுக்கிற படம், ஒரே மரக்கன்றைப் பதினோரு பேர் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். எல்லாருடைய கண்ணும் கேமராமேல் இருக்கும், கன்றை ஒருத்தர்கூடப் பார்க்க மாட்டார். "இது புகைப்படம் இல்லை, வருகைப் பதிவேடு" என்று எழுதி முடித்திருந்தேன். அந்த வாக்கியம் வந்து விழுந்தபோது எனக்கே என்மேல் ரொம்பப் பெருமையாக இருந்தது.

வருகைப் பதிவேடு என்று சொன்னது இப்பவும் சரிதான். அதைக் குறையாகச் சொன்னதுதான் தப்பு.

காரணம் சொந்த விஷயம். பெரியப்பா பிள்ளையார்பாளையத்தில் நாற்பது வருஷம் தறி போட்டவர். அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, கல்யாணப் படத்தைத் தவிர அவருடைய படம் என்று கிடைத்தது ஒரே ஒரு பேப்பர் துண்டு. எண்பதுகளில் வந்த ஏதோ ஒரு நாளிதழ். எந்தப் பேப்பர், எந்தத் தேதி என்று பார்க்க முடியாதபடி ஓரம் வெட்டியிருக்கிறது. கூலி உயர்வு கேட்டு மனு கொடுக்கப் போன நெசவாளர்கள் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். அச்சு அசல் நான் கிண்டல் செய்த வரிசைப் படம். பின்வரிசைக் கடைசியில் பெரியப்பா. இன்னும் சரியாகச் சொன்னால் பெரியப்பாவின் முக்கால் முகம். மீதிக் கால் முகத்தைப் பத்தி அகலத்துக்காக டெஸ்க்கில் யாரோ வெட்டிவிட்டார்கள்.

அந்தக் கால் முகத்தைத் தேடித்தான் ராஜ வீதிப் பக்கம் சந்துக்குள் இருக்கும் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். அவரை இங்கே அண்ணன் என்றே சொல்கிறேன், பேர் வேண்டாம் என்றார். படத்தை எடுத்தது அவர் இல்லை, அவருடைய குரு. குருவும் இல்லை, நெகடிவ்வும் இல்லை. "கடைய காலி பண்றப்ப மூட்டை மூட்டையா எடைக்குப் போட்டாங்க தம்பி. நெகடிவ்வுல வெள்ளி இருக்குதுல்ல." பழைய பட்டுப்புடவையை ஜரிகைக்காக எடை போட்டு வாங்கி உருக்குகிற ஊர் இது. புடவையும் போச்சு, அதைக் கட்டியவளின் படமும் போச்சு, இரண்டும் ஒரே உலோகத்துக்காக.

கால் முகம் கிடைக்கவில்லை. ஆனால் அண்ணனோடு பழக்கம் ஆனது. ஒரு திங்கட்கிழமை முழுக்க அவர் வண்டியின் பின்சீட்டில் சுற்றினேன். கீழே எழுதுவது பெரும்பாலும் அன்றைக்கு யோசித்ததுதான்.

சினிமாவில் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஓடுவார். 2011-இல் வந்த 'கோ' படத்தின் ஆரம்பத்தில் வங்கிக் கொள்ளையர்களை ஜீவா பைக்கில் துரத்திக்கொண்டே படம் எடுப்பது ஞாபகம் இருக்கும். அந்தப் படத்தை எடுத்த கே.வி. ஆனந்த் சினிமாவுக்கு வருவதற்கு முன் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தவர், வேலை தெரிந்தவர். அவருக்கே ஓட்டம்தான் காட்சியாகத் தோன்றியிருக்கிறது. தப்பில்லை, காத்திருப்பதைக் காட்டினால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? ஆனால் நான் பார்த்த அந்தத் திங்கட்கிழமையில் அண்ணன் ஒரு இடத்திலும் ஓடவில்லை. காலையில் பெங்களூர் நெடுஞ்சாலையில் கவிழ்ந்த லாரி. அங்கே கிரேன் வரும்வரை நின்றார், போக்குவரத்து நின்றுபோன நீளம் ஒரே ஃபிரேமில் விழ வேண்டுமாம். அப்புறம் ஒரு தெருவில் பொங்கி வழிகிற சாக்கடை. அதன் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் சாக்கடையை மட்டும் அனுப்பினால் டெஸ்க்கில் "மனுஷன் எங்கே" என்று கேட்பார்களாம். மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற ஒரு பாட்டி வருவதற்கு இருபது நிமிஷம் ஆனது. பத்தரைக்குள் கலெக்டர் ஆபீஸ். மதியம் ஒரு தனியார் பள்ளி விழா. சாயங்காலம் கோயில் புறப்பாடு. ராத்திரி ஸ்டுடியோவில் உட்கார்ந்து பாஸ்போர்ட் சைஸ் படங்களுக்கு நடுவில் அன்றைய படங்களைத் தேர்ந்து அனுப்புவது. வீட்டு வாடகை வருவது அந்த பாஸ்போர்ட் சைஸிலிருந்தும் கல்யாணங்களிலிருந்தும்தான். பேப்பரில் வருவது பெட்ரோலுக்கு ஆகும்.

கலெக்டர் ஆபீஸை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் போலீஸ் பையைத் திறந்து பாட்டிலை மோந்து பார்த்து அனுப்புகிறது. 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அன்றைய படங்கள் நாடு முழுக்கப் போயின. படம் எடுத்தவர்கள் ஏன் முதலில் அணைக்கவில்லை என்ற கேள்வியும் கூடவே போனது. அண்ணனிடம் அதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் எடுத்திருப்பனா, ஓடியிருப்பனான்னு எனக்கே தெரியல. ஆனா ஒவ்வொரு திங்கக்கெழமையும் கேட்டாண்ட நிக்கறப்ப அந்த நெனப்பு வரும்." வெளியிலிருந்து கேட்கிறவர்களுக்கு அது ஒரு விவாதம். இவருக்கு வாரம் ஒருமுறை வருகிற ட்யூட்டி.

உள்ளே கூட்ட அரங்கில் கலெக்டர் மனு வாங்குகிற படத்தைப் பெரும்பாலும் அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறையே எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறது. மறுநாள் நாலு பேப்பரில் ஒரே படம் வருவதன் ரகசியம் அதுதான். அண்ணனுக்கு மிஞ்சுவது வாசல். மனு கொடுத்துவிட்டு வெளியே வருகிறவர்களை அவர் மரத்தடியில் வரிசையாக நிற்கவைக்கிறார். "கொஞ்சம் கிட்ட வாங்க, அக்கா நீங்க முன்னாடி, அந்த பேப்பர நெஞ்சுக்கு நேரா புடிங்க." எடுத்து முடித்ததும் சின்ன நோட்டில் இடமிருந்து வலமாகப் பேர் எழுதிக்கொள்கிறார். முழுப் பேரும் பேப்பரில் வராது என்று அவருக்குத் தெரியும். "ஊர்ப் பேரு மட்டும் வரும். ஆனா கேட்டு எழுதலன்னா அவங்களுக்கு நாம படம் எடுத்த மாதிரியே இருக்காது."

இங்கேதான் என் பழைய குறிப்பு உடைந்தது.

காஞ்சிபுரத்தைப் படம் எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எத்தனையோ பேர். கைலாசநாதர் கோயிலின் சிங்கத் தூண்கள், சாயங்கால வெளிச்சத்தில். விடிகாலையில் தெருவில் நீட்டிக் கட்டிய பாவு. அப்புறம் கட்டாயமாக ஒரு கிழ நெசவாளர்: ஓட்டுக் கூரை இடுக்கில் விழுகிற ஒரு கீற்று வெளிச்சம், சுருக்கம் விழுந்த கை, குழித்தறி, பின்னால் இருட்டு. கண்காட்சிகளில் பரிசு வாங்குகிற படம். எனக்கும் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நிதானமாகப் பாருங்கள். அந்தக் கிழவர் எப்போதும் தனியாக இருப்பார். கோர்வைப் புடவை தனி ஆள் நெய்கிற சரக்கு இல்லை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், மூன்று நாடா ஓட வேண்டும். கரைப்பக்க நாடாவைத் தள்ள இன்னொரு கை, பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிற கை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு காலத்தில் அது குழந்தையின் கையாகவும் இருந்தது. அழகுப் படத்தில் அந்தக் கை ஃபிரேமுக்கு வெளியே. கூலி, பட்டு நூல் விலை, சங்கத்தில் பாக்கி, எதுவும் அந்தக் கீற்று வெளிச்சத்தில் விழாது. பேரும் இருக்காது. "காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர்", அவ்வளவுதான்.

அதே மனுஷரை மரத்தடி வரிசையில் பாருங்கள். வெளிச்சம் தலைக்கு மேல், கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருக்கும். அழகு கிடையாது. ஆனால் அவர் தனியாக இல்லை. யாரோடு வந்தார், என்ன கேட்டு வந்தார், எந்த வாசலில் நின்றார் என்று படத்திலேயே இருக்கிறது. கேமராவை நேராகப் பார்க்கிறார். தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, அதற்குச் சம்மதித்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். தறிப் படத்தில் அவர் நமக்குக் காட்சிப் பொருள். வரிசைப் படத்தில் அவர் சாட்சி.

சாட்சி என்று சும்மா சொல்லவில்லை. தமிழ்நாட்டில் அதிகம் ஆராயப்பட்ட புகைப்படம் எது? என் கணக்கில், இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 ராத்திரி எடுக்கப்பட்டது. ராஜீவ் காந்தி வருவதற்குச் சற்று முன், மாலையோடு காத்திருக்கிற சிலர் நிற்கிறார்கள். நிகழ்ச்சிக்கு முன்னால் எந்த உள்ளூர் போட்டோகிராபரும் எடுக்கிற காத்திருப்புப் படம். எடுத்தவர் ஹரிபாபு, சென்னையில் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துப் பிழைத்த இளைஞர். குண்டுவெடிப்பில் அவரும் இறந்தார், அவருடைய சினான் கேமரா தப்பியது. அதிலிருந்த பத்துப் படங்களை வைத்துத்தான் சந்தன மாலையோடு நின்ற பெண்ணையும், நோட்டுப் புத்தகத்தோடு பத்திரிகையாளர் மாதிரி நின்ற சிவராசனையும் அடையாளம் கண்டார்கள். அவர் எதற்காக அங்கே அனுப்பப்பட்டார், சதியில் அவருடைய பங்கு என்ன என்பதெல்லாம் வழக்கில் வந்த கதை, அதற்குள் போகவில்லை. படத்தை மட்டும் பாருங்கள். கோணம் இல்லை, நிழல் விளையாட்டு இல்லை. ஃப்ளாஷ் வெளிச்சத்தில் தட்டையாக, நிற்பவர்கள் நிற்கிறபடியே. நான் கிண்டல் செய்த அதே குணங்களால்தான் அது ஆதாரம் ஆனது. கலைநயத்தோடு ஒரு முகத்தை மட்டும் கூர்மையாக்கி மற்றதை மங்கவிட்டிருந்தால் புலனாய்வுக்காரர்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

வரிசைப் படத்தைத் தூக்கிவைத்து ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதன் பொய்களும் எனக்குத் தெரியும். யார் நடுவில் நிற்பது என்பதை ஊரின் அதிகாரம் முடிவு செய்கிறது. பெண்கள் ஓரத்துக்குப் போவார்கள், ஓரம் டெஸ்க்கில் வெட்டுப்படும். என் பெரியப்பா வெட்டுப்பட்டதும் அப்படித்தான். சில நிகழ்ச்சிகளில் படம் எடுத்து முடித்ததும் கையில் ஒரு கவர் வரும். அதை வாங்குகிறவர், வாங்காதவர் என்று இரண்டு சாதி உண்டு. அண்ணன் எந்தச் சாதி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கவர் வந்தாலும் வராவிட்டாலும், அழைப்பிதழ் அடித்து மைக் செட் போட முடிந்தவன்தான் பக்கத்தில் அதிகம் வருகிறான். வேகவதி ஆற்றங்கரையில் வீடு இடிக்கப்படுகிற நாளில்தான் அங்கே இருப்பவர்களுக்கு முதல் படம். ஆக, பதிவேடு என்றால் அது எல்லார் பேரையும் கூப்பிடாத பதிவேடு. அதையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

சாமிப் படங்களுக்கு வருகிறேன், இந்த ஊரில் அதைத் தவிர்க்க முடியாது. வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் கருட சேவை. வரதர் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு பெரிய காஞ்சிபுரம் கங்கைகொண்டான் மண்டபம் வரை வருவார். வருஷா வருஷம் பேப்பரில் வருவது ஒரே படம்: கோபுரம் பின்னால், கருடன் முன்னால், தலைகள் கீழே. பழைய நான் இதையும் 'வார்ப்புப் படம்' என்று தள்ளியிருப்பேன். கோபுர வாசலில் தொட்டாச்சாரியார் சேவை என்று ஒன்று நடக்கும். சோளிங்கரில் இருந்த தொட்டாச்சாரியாரால் ஒருமுறை வர முடியாமல் போக, பெருமாள் அவருக்கு அங்கேயே காட்சி கொடுத்தார் என்று ஐதிகம். அதற்காகக் குடைகளைச் சாய்த்து சில வினாடிகள் பெருமாளை மறைப்பார்கள். இந்த நேரத்தில் அவர் இங்கே இல்லை, சோளிங்கரில் இருக்கிறார் என்று அர்த்தம். அந்த நேரத்தில் போட்டோகிராபர்கள் என்ன செய்வார்கள் என்று அண்ணனைக் கேட்டேன். "கேமராவ எறக்கிட்டு ஒரு கும்புடு போட்டுக்குவோம். குடை தெறந்ததும் அடிப்போம்." எனக்கு அந்தக் குடைப் படம்தான் வேண்டும் என்று தோன்றியது. கேட்டேன். "அதுல சாமியே இல்லியே தம்பி, யாரு போடுவா" என்றார். நியாயம். இப்படி யாரும் போடாததால் எடுக்கப்படாமலே போகிற படங்கள் எத்தனை என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

அத்திவரதர் கதை வேறு மாதிரி. 1979-க்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்ட் 1 முதல் நின்ற கோலம். பேப்பரில் தினமும் ஒரு படம், தினமும் இன்று என்ன நிறப் பட்டு என்று ஒரு வரி. வெளியூர்க்காரர்களுக்கு அது பக்திச் செய்தி. பட்டு நெய்கிற ஊரில் அதை வேறு மாதிரியும் படித்தார்கள், கரை என்ன, உடல் என்ன என்று. என் அம்மா அந்தப் படங்களைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டினாள். ஏழெட்டு நாள் விட்டுப்போயிருக்கும். ஒரே கோணம், ஒரே தூரம், ஒரே முகம், நிறம் மட்டும் மாறுகிறது. தனித்தனியாக எந்தப் படமும் பெரிசில்லை. அடுக்கி வைத்தால் வேறு எதிலும் கிடைக்காத ஒரு ஆவணம்.

அந்த மாதங்களில் 1979 படம் இருக்கிறதா என்று ஊரே தேடியது. பழைய ஸ்டுடியோக்காரர் வீட்டுச் சுவர், யாரோ ஒருவரின் பூஜை அறை என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்பு வெள்ளையில் கிடைத்தது. குளத்துக்குள் போன பெருமாள் அடுத்து வருவது 2059-இல். அப்போது 2019-ஐத் தேடுவார்கள். கோடிக்கணக்கில் எடுத்தோமே, எங்கே போய்விடும் என்று தோன்றும். அண்ணனிடம் அந்த 48 நாள் இருந்த ஹார்ட் டிஸ்க் 2022-இல் உயிரை விட்டது. மீட்டுத் தரக் கேட்ட தொகை அவருடைய மூன்று மாதப் பேப்பர் வருமானம். அனுப்பிய இடத்தில் இருக்குமே என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் சுருங்கிப் போன பிரதிதான் போனது, அதையும் யார் சேர்த்து வைத்தார்களோ தெரியாது. நெகடிவ் மூட்டையாவது எடைக்குப் போகும்வரை இருந்தது.

பேர் விஷயம் ஒன்று பாக்கி. படத்துக்குக் கீழே அவர் பேர் வருவதில்லை. கேட்டால் வழக்கம் என்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்தின் ஆசிரியர் என்பவர் அதை எடுத்தவர். உரிமை யார் கைக்கு மாறினாலும் "இது என் படைப்பு" என்று சொல்லிக்கொள்கிற உரிமையை 57-வது பிரிவு அவருக்குத் தனியாக வைத்திருக்கிறது. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கான 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் செய்திப் புகைப்படக்காரரைப் பேர் சொல்லியே வரையறைக்குள் சேர்த்தது. ஆனால் பத்திரிகைத் தொழில் அவருடைய பிரதானத் தொழிலாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. பேப்பர் தருவது பெட்ரோலுக்கு மட்டும் என்பதால் அவர் ஸ்டுடியோ வைக்கிறார். ஸ்டுடியோ வைத்திருப்பதால் அவர் பத்திரிகையாளர் இல்லை. இந்த வட்டத்தை அண்ணனிடம் விளக்கியபோது அவர் சிரித்துவிட்டு டீ சொன்னார்.

திரும்பிப் போகும்போது அந்தப் பேப்பர் துண்டை மறுபடி அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, புள்ளி புள்ளியாக உடைந்த அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, என் பழைய குறிப்பில் நான் செய்யாததைச் செய்தார். ஒவ்வொரு முகமாக நின்று பார்த்தார். முன்வரிசையில் இரண்டு பேரைச் சொன்னார், ஒருவர் அவருடைய தெருக்காரர். பின்வரிசையில் ஒருவர் பிறகு மாஸ்டர் வீவர் ஆகி ஓரிக்கைப் பக்கம் வீடு கட்டிப் போனவராம். எல்லாவற்றையும் துண்டின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன், இடமிருந்து வலம். பெரியப்பாவோடு சேர்த்து நாலு பேர் ஆச்சு. இன்னும் ஐந்து பேர் தெரியவில்லை. பிள்ளையார்பாளையத்துப் பழைய ஆட்கள் யார் வீட்டிலாவது இருந்தால் காட்டிக் கேளுங்கள், படத்தை அனுப்பி வைக்கிறேன். பின்வரிசையில் இரண்டாவதாக, தோளில் துண்டு போட்டு, கையில் தட்டியோடு நிற்கிறவரை முதலில்.